டிசம்பரில் ஒரு நோட்டு

மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடியில் பரதநாட்டிய வகுப்பு நடத்தும் டீச்சர் ஒருவர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். நான் சின்னக் கடைகளுக்கும் தனியாகத் தொழில் செய்பவர்களுக்கும் வரவு செலவு எழுதிக் கொடுத்தவன். என் மகள் பத்து வருடம் சலங்கை கட்டியவள் என்பதால் இந்த மாடிப்படிகளும் எனக்குப் பழக்கம். போனபோது பாயில் இரண்டு நோட்டுகளும், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ரசீதுகளும் தயாராக இருந்தன. கீழே கடையிலிருந்து டீ வந்தது.

"சார், வருஷம் முடியப் போகுது. குழந்தைங்க நல்லாத்தான் வர்றாங்க. ஆனா கடைசியில கையில ஒண்ணும் நிக்கல. எங்க போகுதுன்னே தெரியல."

"எந்த வருஷம் முடியுது டீச்சர்?" என்று கேட்டேன். அவர் விழித்தார். வேண்டுமென்றுதான் கேட்டேன். நாட்டியப் பள்ளிக்கு மூன்று வருடக் கடைசிகள் உண்டு. டிசம்பர் 31 ஊருக்கு. அன்றைக்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிற்க இடம் இருக்காது. மார்ச் 31 வருமான வரிக்கு. மூன்றாவது, புதுக் குழந்தைகள் தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து நிற்கும் விஜயதசமி. பள்ளியின் உண்மையான வருடம் அங்கேதான் தொடங்குகிறது. அப்படியானால் டிசம்பரில் எதற்கு உட்கார வேண்டும்? விஜயதசமிச் சேர்க்கை முடிந்து யார் தங்கினார்கள், யார் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார்கள் என்பது இப்போது தெரிந்துவிடும். மார்ச்சுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஏப்ரல் 1-ஆம் தேதி கண்டுபிடிக்கும் தவறை யாராலும் திருத்த முடியாது. டிசம்பரில் கண்டால் திருத்தலாம்.

அவருடைய எண்களை இங்கே எழுதுவது முறையில்லை. அதே வடிவத்தில் ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். மாதக் கட்டணம் 1,500 ரூபாய். "எத்தனை பேர் படிக்கிறாங்க?" என்றால் எந்த டீச்சரும் ஒரு எண்ணைச் சொல்வார், 60 என்று வைப்போம். மனசு உடனே 60-ஐ 1,500-ஆல் பெருக்கி, பன்னிரண்டு மாதத்துக்கு 10,80,000 என்று எழுதிவிடும். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வருகைப் பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு மாதமும் உண்மையில் கட்டணம் கட்டியவர்களை மட்டும் எண்ணுவோம் என்றேன். மாதிரிக் கணக்கில் அது இப்படி வரும். ஜூனில் 50, ஜூலையில் 55, ஆகஸ்டில் 58, செப்டம்பரில் 60. விஜயதசமி வந்ததும் அக்டோபரும் நவம்பரும் 65. டிசம்பரில் மழை, காய்ச்சல், அரையாண்டுத் தேர்வு, 55. ஜனவரியில் 60, பிப்ரவரியில் 55. மார்ச்சில் பரீட்சை, 35-க்கு விழும். ஏப்ரலில் 45, மே மாதம் ஊருக்குப் போனவர்கள் போக 40. கூட்டினால் 643 வருகிறது. நாம் மனசில் வைத்திருந்தது 60 பெருக்கல் 12, அதாவது 720. நடுவில் 77 மாதக் கட்டணம் வரவே இல்லை. 1,15,500 ரூபாய். யாரும் திருடவில்லை, எங்கேயும் ஒழுகவில்லை. அந்தப் பணம் ஒருநாளும் வந்ததே இல்லை. செலவு மட்டும் அதை நம்பி நடந்திருக்கிறது.

டீச்சர் தன் நோட்டில் அந்த இடத்தில் வந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்து செலவுப் பக்கம். வாடகை 22,000, உதவி ஆசிரியைக்கு 12,000, மின்கட்டணம் 2,500, துடைப்பம் முதல் ஸ்பீக்கர் ரிப்பேர் வரை சில்லறை 3,000. மாதம் 39,500. இதோடு நோட்டு முடிந்திருந்தது. "உங்க சம்பளம் எங்க?" என்றேன். "மிஞ்சறதுதான் சார் என் சம்பளம்."

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். மளிகைக் கடைக்காரர் இப்படிச் சொல்வதில்லை. கலையைத் தொழிலாக வைத்திருப்பவர்களிடம்தான் இதை அதிகம் கேட்கிறேன். குருதட்சிணை என்ற சொல்லின் மரியாதை பெரியது, அதை நான் குறைக்கவில்லை. ஆனால் தட்சிணை கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. வீட்டு வாடகையும் அரிசியும் யார் மனசையும் பொறுத்தவை இல்லை. காலை நான்கு மணி நேரம் பயிற்சி, மாலை மூன்று பேட்ச், நடுவில் நட்டுவாங்கம், உடை அளவு, பெற்றோர் தொலைபேசி. இத்தனையும் செய்பவருக்குக் கணக்கில் ஒரு வரி இல்லையென்றால், அந்தப் பள்ளி லாபமா நட்டமா என்று சொல்லவே முடியாது. மாதம் 30,000 என்று எழுதச் சொன்னேன். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி பள்ளிக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்கு அது போக வேண்டும். வரிக் கணக்கில் தனி ஆள் தனக்கே கொடுத்துக்கொள்ளும் சம்பளம் செலவாகாது, அதை ஆடிட்டர் வேறு விதமாக எழுதுவார். இது நம் கண்ணுக்காக.

இப்போது பள்ளி நடக்க மாதம் 69,500 வேண்டும். அக்டோபரில் வருவது 97,500, மிச்சம் 28,000. மார்ச்சில் வருவது 52,500, ஏப்ரலில் 67,500, மேயில் 60,000. மூன்று மாதத்துக்கும் சேர்த்துப் பள்ளம் 28,500. விஜயதசமி மாதத்தில் மிஞ்சியதுதான் கோடைப் பள்ளத்தை ஏறத்தாழ முழுசாக நிரப்பும் மண். ஆனால் விஜயதசமிக்குப் பின்னாலேயே தீபாவளி வந்து நிற்கிறது. அந்த 28,000 அங்கே கரைந்துவிட்டால் மே மாதம் நகை அடகுக்குப் போகும். அக்டோபர், நவம்பர் மிச்சத்தைத் தொடாமல் ஒரு குறுகிய கால வைப்பில் போட்டு மார்ச்சில் முதிரும்படி வையுங்கள் என்றேன். இதைவிடப் பெரிய நிதித் திட்டம் ஒரு மாடி வகுப்புக்குத் தேவைப்படாது.

இரண்டாவது டீ வந்தது. டீச்சர் கொஞ்சம் தயங்கி, அக்கா தங்கை சேர்ந்து வந்தால் இரண்டாவது குழந்தைக்குப் பாதிக் கட்டணம் வாங்குவதைப் பற்றிக் கேட்டார். தப்பா?

மாதிரிக் கணக்கில் ஆண்டு விழா 60,000 கையைக் கடிக்கிறது என்று வைப்போம். அதையும் சேர்த்தால் வருடச் செலவு 8,94,000. அதை 643-ஆல் வகுத்தால் ஒரு குழந்தையை ஒரு மாதம் ஆட வைக்க ஏறத்தாழ 1,390 ரூபாய். தங்கை கொடுப்பது 750. மீதி 640-ஐ டீச்சர் கொடுக்கிறார். இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வரிசையில் இடம் இருக்கும்போது கூடுதலாக ஒரு குழந்தை நின்றால் வாடகை கூடாது, கரண்ட் கூடாது. வருகிற 750-ம் லாபம்தானே? சரிதான், இடம் இருக்கும் வரைக்கும். ஐந்து மணி பேட்ச் நிரம்பி, முழுக் கட்டணம் கட்டத் தயாராக இருக்கும் குழந்தையைத் திருப்பி அனுப்பும் நாளில் அந்த நியாயம் முடிந்துவிடுகிறது. அதனால் சலுகையை நிரம்பாத பேட்சுக்கு மட்டும் வையுங்கள் என்றேன். இலவசமாகப் படிக்கும் பிள்ளைகளை "பாக்கி" பக்கத்தில் எழுதாதீர்கள். பாக்கி என்றால் ஒவ்வொரு மாதமும் அந்தப் பெயரைப் பார்க்கும்போது மனசு சுருங்கும். இந்த வருடம் இரண்டு பேருக்கு இலவசம் என்று டிசம்பரிலேயே முடிவு செய்து தனிப் பக்கத்தில் எழுதினால் அது கொடை. கொடுப்பவர் மனசும் நிம்மதியாக இருக்கும், அந்தப் பிள்ளையும் தலை நிமிர்ந்து ஆடும்.

பிஸ்கட் டப்பாவில் நான் பயந்தது வேறொன்றைப் பார்த்து. ஓர் அரங்கேற்றத்துக்காகப் பெற்றோர் மொத்தமாக அனுப்பிய பணம். பாட்டு, மிருதங்கம், வயலின் கலைஞர்களுக்கும், மேக்கப்புக்கும், மண்டபத்துக்கும், பத்திரிகைக்கும் எல்லாம் டீச்சரின் கூகுள் பே வழியாகவே வந்து, அதே வழியாகவே போயிருக்கிறது. அதில் ஒரு ரூபாய் கூட அவருடையது இல்லை. ஆனால் வங்கிக் கணக்கில் பார்ப்பவருக்கு அத்தனையும் அவருடைய வரவு. யாராவது கேள்வி கேட்டால், மிருதங்கக்காரருக்குக் கொடுத்ததற்குச் சீட்டு எங்கே? டப்பாவில் தேடினோம், கிடைக்கவில்லை.

இதற்கு வழி எளிது. கலைஞர்களுக்கும் மண்டபத்துக்கும் பெற்றோரே நேரடியாகக் கொடுக்கட்டும். டீச்சர் தொகையை மட்டும் பேசி முடிக்கட்டும். அது முடியாத இடத்தில் அரங்கேற்றத்துக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அதற்கு ஒரு தனி நோட்டு, ஒவ்வொரு தொகைக்கும் வாங்கியவர் கையெழுத்து. விழா முடிந்த வாரமே பெற்றோரிடம் அந்த நோட்டைக் காட்டி, மிச்சத்தைக் கொடுத்து முடித்துவிட வேண்டும். அரங்கேற்றத்துக்குப் பிறகு குருவுக்கும் குடும்பத்துக்கும் மனக்கசப்பு வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அங்கே யாரும் ஏமாற்றவில்லை, யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜி.எஸ்.டி. என்ற சொல்லைக் கேட்டாலே டீச்சருக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதில் அவருக்குச் சாதகமான விஷயமே அதிகம். சேவைத் தொழிலுக்குப் புதுச்சேரியில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு பற்றிய பேச்சு. அதற்கும் மேலே, கலை, பண்பாடு சார்ந்த பொழுதுபோக்குப் பயிற்சியைத் தனிநபர் ஒருவர் அளித்தால் அதற்கு வரிவிலக்கு உண்டு; 2022 ஜூலை 18 முதல் அந்த விதியில் "தனிநபர்" என்ற சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரோ அவரிடம் "கம்பெனியா மாத்திடுங்க, மதிப்பு கூடும்" என்று சொல்லியிருந்தார்கள். கம்பெனி ஆனதும் அந்த ஒரு சொல்லின் நிழல் போய்விடும், 20 லட்சத்தைத் தாண்டினால் கட்டணத்தோடு 18 சதவீதம் சேரும் என்றேன். மேடை நிகழ்ச்சிக்கும் தனி விலக்கு இருக்கிறது: நாட்டுப்புற, செவ்வியல் நடனத்துக்குக் கலைஞர் வாங்கும் ஊதியம் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வரி இல்லை. உடை வாடகைக்கு விடுவதும், காலையில் நடத்த நினைக்கும் ஜும்பா வகுப்பும் இந்த விலக்குக்குள் வருமா என்பதை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வருமான வரி இன்னும் சுருக்கம். மாதிரிக் கணக்கில் டீச்சரின் சம்பளத்தையும் சேர்த்து வருட வருமானம் 4,30,500. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர் கட்ட வேண்டிய வரி தள்ளுபடியாகிவிடும். ஆனால் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். கட்ட ஒன்றும் இல்லாதபோதும் தாக்கல் செய்து வைத்தால், நாளைக்கு மரத்தளம் போட வங்கியில் கடன் கேட்கும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

அடுத்து காலண்டர். நாங்கள் அதிக நேரம் செலவிட்டது இதில்தான். புதுச்சேரியில் பள்ளி வருடம் மாறிக்கொண்டிருக்கிறது என்பதை நிறைய நாட்டிய ஆசிரியர்கள் இன்னும் திட்டத்தில் சேர்க்கவில்லை. அரசுப் பள்ளிகளும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்குப் போய்விட்டன. சமீப வருடங்களில் சி.பி.எஸ்.இ. பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு பிப்ரவரி நடுவிலேயே தொடங்குகிறது. புது வகுப்பு ஏப்ரலில் ஆரம்பம். "பிப்ரவரி கடைசியில ஆண்டு விழா" என்ற பழைய கணக்கு பெரிய பிள்ளைகளை இழந்துவிடும். டிசம்பர் தொடக்கத்திலும் முடியாது, வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்த ஊர்ப் பக்கத்தில்தான் கரை கடந்தது, ஒரு நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. 2011-இல் தானே புயல் வந்தது டிசம்பர் 30. ஜனவரி 4 முதல் 7 வரை சுற்றுலாத் துறையின் சர்வதேச யோகா திருவிழா, பிறகு பொங்கல். ஆக, பொங்கல் முடிந்து பிப்ரவரி முதல் வாரம் வரை ஒரு சின்ன இடைவெளி. கம்பன் கலையரங்கம் மாதிரியான மண்டபத்துக்கு எல்லாப் பள்ளிகளும் அதே நாட்களைத்தான் கேட்கும். இந்த வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடத்துக்கு ஆடியிலேயே கேட்டு வையுங்கள் என்றேன். சிவராத்திரியில் சிதம்பரம் நாட்டியாஞ்சலிக்கு அனுப்ப நினைக்கும் பிள்ளைகளும் அதே வாரங்களில்தான் ஒத்திகைக்கு வருவார்கள். 1981-இல் தொடங்கிய விழா, இங்கிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம். அந்த மேடைக்கு ஆசைப்படாத குழந்தை உண்டா?

மழைக்காலம் என்றதும் எனக்கு இன்னொரு கவலை வந்தது. தலைக்கு மேலே பார்த்தேன். தேக்கு உத்தரங்களில் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை. காலுக்குக் கீழேயும் அதே கட்டுமானம். கடற்கரைச் சாலையில் இருந்த பிரெஞ்சுக் கால மேரி (நகராட்சி) கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்ததை இந்த ஊர் மறக்காது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். இருபது பிள்ளைகள் ஒன்றாகத் தட்டடவு போடும் மாடியை வருடத்துக்கு ஒருமுறை ஒரு பொறியாளர் பார்க்க வேண்டும். அந்தக் கட்டணத்தை அடுத்த வருடச் செலவுப் பக்கத்தில் முதல் வரியாக எழுதினேன். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு. அது முடிவது மார்ச்சில். வரவு குறைவான மாதத்தில் அட்வான்ஸ் கூட்டிக் கேட்டால் என்ன செய்வது? அதனால் வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி, உத்தரம் ரிப்பேர் யார் செலவு என்பதையும் புது ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன்.

ஒப்பந்தம் என்றதும் டீச்சர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஓர் ஓட்டலில் புத்தாண்டு இரவுக்கு எட்டுப் பிள்ளைகள் ஆட வேண்டுமாம். தொலைபேசியில் பேசிய தொகை மட்டும் அதில் பென்சிலால் குறித்திருந்தது.

நான் அவருக்கு 1838-ஐப் பற்றிச் சொன்னேன். கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தேவதாசிப் பெண்கள், மூன்று வாத்தியக்காரர்கள். தர்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர் அவர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இந்தப் புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏற்றினார். அந்த ஆகஸ்டில் பாரீசின் வேரியத்தே அரங்கில் ஆடினார்கள், பிறகு லண்டன் அடெல்ஃபியில். லூயி பிலிப் அரசரும் பார்த்தார். அம்மணி என்ற பெண்ணைப் பற்றிக் கவிஞர் தெயோஃபில் கோத்தியே உருகி எழுதினார்; பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வடித்தார். அந்தக் கூட்டத்தில் மிகச் சின்னஞ்சிறு பெண் ஒருத்தியும் இருந்தாள். அவர்களுக்கு நடந்தது எல்லாம் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். கடல் கடந்து போய், பாஷை தெரியாத ஊரில், இரவுக்கு இரவு காட்சிப்பொருளாக நின்றவர்கள். ஆனாலும் ஒரு காகிதத்தின் பேரில்தான் போனார்கள். நூற்றெண்பது வருடத்துக்கு மேலாகியும், அதே ஊரில், எட்டுக் குழந்தைகளை ராத்திரி வேளையில் அனுப்ப ஒரு பென்சில் குறிப்பு எப்படிப் போதும்?

"என்ன எழுதி வாங்கணும் சார்?"

எத்தனை மணிக்கு ஆட்டம், எத்தனை மணிக்கு முடியும். திறந்த வெளியென்றால் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை இருக்கிறது, அதனால் ஆட்டம் அதற்கு முன்பே முடிய வேண்டும். உடை மாற்றப் பூட்டுள்ள அறை. அம்மாக்கள் கூட இருக்க அனுமதி. அன்றிரவு கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் வண்டி விட மாட்டார்கள், பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது யார் பொறுப்பு? பாதிப் பணம் முன்கூட்டியே. மது பரிமாறும் கூடத்தில் ஆட்டம் இல்லை. இதில் ஒன்றுக்கு மறுத்தாலும் போக வேண்டாம் என்பது என் கருத்து. அந்தத் தொகை வராவிட்டால் பள்ளி மூழ்கிவிடாது, அதை இப்போதுதான் எண்ணிப் பார்த்தோம்.

அவர் ஓட்டலுக்குப் போன் போட்டார். இரண்டு நிமிடம் பேசினார். "முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றாங்களாம்" என்று வைத்துவிட்டு, நோட்டில் வருட மிச்சத்தைப் பார்த்தார். மாதிரிக் கணக்கில் அது எல்லாம் போக 70,500.

"இதை என்ன செய்யலாம் சார்?"

முதலில் உங்களுக்கு ஒரு மருத்துவக் காப்பீடு என்றேன். இந்தத் தொழிலின் முதலீடு அந்த இரண்டு முழங்கால்கள். அவை மூன்று மாதம் மடங்காவிட்டால் இங்கே விளக்கு எரியாது. மீதியைத் தரைக்கு வையுங்கள். செங்கல் தளத்தில் குதிகாலால் அடிக்கும் பிள்ளைகளுக்கு வலி இப்போது தெரியாது. முன்வரிசைக்காவது பலகைத் தளம். அதற்கு முன்னால் அந்தப் பொறியாளர் வந்து, இந்த மாடி கூடுதல் கனத்தைத் தாங்கும் என்று சொல்ல வேண்டும்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஐந்து மணி பேட்ச். டீச்சர் நோட்டுகளை மடித்து, பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்து, சீட்டுகளை மாதவாரியாகப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டுவிட்டு, தட்டுக்கழியை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். ஒரு சின்னப் பெண் முதலில் அவர் காலைத் தொட்டாள், பிறகு தரையைத் தொட்டாள்.